ஜேர்மனி எப்படித் திருந்தியது, எப்படி ஒன்றானது? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். ஹிட்லர், இரண்டாம் உலகப் போர், பேர்லின் சுவர் என்று பாடம் போனால் கேள்விகள் ஜேர்மனியோடு நிற்பதில்லை. நம் மாவட்டத்து மூதூருக்கும் சம்பூருக்கும் வந்துவிடும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பெற்றோரும் வாசலில் நின்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஜேர்மனி எங்கே, நாங்கள் எங்கே? ஏன் அந்த நாட்டைப் பார்க்க வேண்டும்?

நல்லிணக்கம் என்றால் எல்லாரும் தென்னாபிரிக்காவைக் காட்டுவார்கள். அங்கே 1990களில் அமைந்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழுவைப் பற்றிப் பேசாத கருத்தரங்கு இல்லை. நல்லதுதான். ஆனால் ஜேர்மனியில் 80 ஆண்டுக் கதையை நீட்டி வைத்துப் பார்க்கலாம். ஒரு சர்வாதிகாரம் 1945இல் முடிந்தது, இன்னொன்று 1989இல் முடிந்தது. இரண்டு தடவையும் அந்த மக்கள் சுதந்திரத்தை அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. எது எத்தனை வருடம் எடுத்தது, எது சரிவந்தது, எது இன்னும் சரிவரவில்லை என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது.

அந்தப் போர் நமக்கு ஒன்றும் தூரத்துச் சங்கதியும் அல்ல. 1942 ஏப்ரல் 9 அன்று ஜேர்மனியின் கூட்டாளியான ஜப்பானின் விமானங்கள் நம் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டன. நிலாவெளி வீதியில் உப்புவெளியில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

ஹிட்லர் ஆட்சியைப் பறித்தாரா, மக்களே கொடுத்தார்களா?

இரண்டும். சுதந்திரமான தேர்தல் எதிலும் அவருடைய கட்சிக்குப் பாதிக்கு மேல் வாக்கு விழவில்லை. 1932 ஜூலையில் 37 வீதம், அதே ஆண்டு நவம்பரில் 33 வீதம். 1933 ஜனவரி 30 அன்று ஜனாதிபதி ஹிண்டன்பேர்க் அவரைப் பிரதமராக நியமித்தார். பெப்ரவரி 27 இரவு பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே ஓர் அவசரகால ஆணை வந்தது. பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, பத்திரிகைச் சுதந்திரம், பிடியாணை இல்லாமல் வீட்டுக்குள் வரக்கூடாது என்ற பாதுகாப்பு, எல்லாம் ஒரே கையெழுத்தில் போயின. மார்ச் 23இல் பாராளுமன்றமே தன் அதிகாரத்தை அரசாங்கத்திடம் தூக்கிக் கொடுத்தது. 444 பேர் ஆதரவு, 94 பேர் எதிர்ப்பு. எதிர்த்தவர்கள் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர் மட்டுமே. கம்யூனிஸ்டுகளை உள்ளேயே விடவில்லை.

கவனிக்க வேண்டியது அந்த பெப்ரவரி ஆணையை. நெருக்கடிக்கு மட்டும் என்று சொல்லிக் கொண்டுவந்ததை 1945 வரை யாரும் எடுக்கவில்லை. இங்கே வகுப்பில் இதற்கு விளக்கமே தேவைப்படுவதில்லை. நம் பயங்கரவாதத் தடைச் சட்டமும் 1979இல் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற பெயரோடுதான் வந்தது. மூன்று ஆண்டுக்கு என்றார்கள். 1982இல் நிரந்தரமாக்கினார்கள்.

1945இல் தோற்றதும் ஜேர்மனியர் உடனே மனம் மாறிவிட்டார்களா?

இல்லவே இல்லை. ‘ஜேர்மனியர் மன்னிப்புக் கேட்டார்கள், முன்னேறினார்கள்’ என்று இரண்டு வரியில் கதை சொல்பவர்கள் இடையில் போன 40 ஆண்டை விழுங்கிவிடுகிறார்கள்.

ஹிட்லர் ஆட்சியின் தலைவர்கள் மீது 1945 நவம்பரில் தொடங்கிய நியூரம்பேர்க் வழக்கில் 12 பேருக்கு மரண தண்டனை, 3 பேருக்கு விடுதலை. வென்றவன் சொல்லும் நீதி இது என்று பல ஜேர்மனியர் முணுமுணுத்தார்கள். சாதாரண ஆட்களை வடிகட்ட 131 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை அமெரிக்கர் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் பாதிரியாரிடமும் நற்சான்றிதழ் வாங்கிக் கொடுத்துத் தப்பினவர்கள் ஏராளம். அந்தச் சான்றிதழுக்கு மக்கள் வைத்த பட்டப்பெயரே ஒரு சலவைத்தூளின் பெயர். 1951இல் வந்த ஒரு சட்டத்தால், வேலை இழந்த பழைய அதிகாரிகள் பெரும்பாலானோர் திரும்ப அரச சேவைக்கு வந்தார்கள். யூதருக்கு எதிரான இனச் சட்டங்களுக்கு உரை எழுதியவர்களில் ஒருவரான ஹான்ஸ் குளோப்கே, 1953 முதல் 1963 வரை பிரதமர் அலுவலகத்தின் தலைமை அதிகாரியாக இருந்தார். ஹிட்லரின் பிரதமர் அலுவலகத்தில் அல்ல, ஜனநாயக நாட்டின் பிரதமர் அலுவலகத்தில்.

உறைந்து கிடந்ததை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஃபிரிட்ஸ் பவர். ஹெசன் மாநிலத்தின் சட்டமா அதிபர். யூதர். 1933இல் முகாமில் அடைக்கப்பட்டு, பிறகு நாட்டைவிட்டுத் தப்பி, போருக்குப் பின் திரும்பி வந்தவர். அவருடைய பிடிவாதத்தால்தான் 1963 முதல் 1965 வரை பிராங்பேர்ட்டில், யூதரைக் கொன்றுகுவித்த அவுஷ்விட்ஸ் முகாமின் அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. சாட்சிகள் வந்து பேசினார்கள். பத்திரிகைகளில் நாள்தோறும் செய்தி வந்தது. ‘அப்பா, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ என்று வீடுகளில் பிள்ளைகள் கேட்கத் தொடங்கிய காலமும் அதுதான்.

1970 டிசம்பர் 7 அன்று பிரதமர் வில்லி பிராண்ட் வார்சோவில் யூதர் நினைவுச் சின்னத்தின் முன் முழங்காலில் இருந்தார். இன்று உலகமே கொண்டாடும் படம் அது. அப்போது ஜேர்மனியில் எடுத்த கருத்துக்கணிப்பில் 48 வீதம் பேர் ‘இது கொஞ்சம் அதிகம்’ என்றார்கள், சரி என்றவர்கள் 41 வீதம். ஐரோப்பாவின் சிறுபான்மையினரான ரோமா, சின்டி மக்களும் இனப்படுகொலைக்கு ஆளானார்கள் என்பதை அரசு ஒப்புக்கொண்டது 1982இல். மே 8 ஜேர்மனியருக்கும் விடுதலை நாள்தான் என்று ஜனாதிபதி வைட்செக்கர் பாராளுமன்றத்தில் பேசியது 1985இல். கட்டாய வேலை வாங்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்க நிதியம் அமைந்தது 2000இல். அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் செத்துப்போயிருந்தார்கள்.

‘போர் முடிந்து இவ்வளவு காலமாச்சே, இன்னும் ஏன் கிளறுகிறீர்கள்?’ என்று நம்மிடம் கேட்பவர்கள் இந்த ஆண்டுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். போர் முடிந்த 15ஆவது ஆண்டில், அதாவது 1960இல், பிராங்பேர்ட் வழக்கு தொடங்கியிருக்கவே இல்லை.

நாடு இரண்டானது எப்படி?

வென்ற நான்கு நாடுகள் ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்து எடுத்தன. தலைநகர் பேர்லினையும் அப்படியே நான்காகப் பிரித்தன. 1948இல் மேற்குப் பகுதிகளில் புதிய நாணயம் வந்தது. உடனே சோவியத் யூனியன் மேற்கு பேர்லினுக்குப் போகும் வீதிகளை அடைத்தது. ஏறக்குறைய ஒரு வருடம் உணவும் நிலக்கரியும் விமானத்தில் போயின. 1949 மே மாதம் மேற்கு ஜேர்மனி, அக்டோபரில் கிழக்கு ஜேர்மனி. 1961 ஆகஸ்ட் 13இல் சுவர். அவ்வளவுதான் சுருக்கம்.

1949 அரசியலமைப்பில் அப்படி என்ன விசேஷம்?

என்னைக் கேட்டால், ஜேர்மனியின் கதையில் எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கதி இதுதான். 65 பேர் கொண்ட சபை எழுதியது, அதில் நாலே பெண்கள். அவர்களில் ஒருவரான எலிசபெத் செல்பேர்ட் என்ற வழக்கறிஞர், ஆணும் பெண்ணும் சமம் என்ற வரியைச் சேர்க்க நாடு முழுவதும் பெண்களைக் கடிதம் எழுத வைத்தார். முதலில் தோற்கடிக்கப்பட்ட வரி அந்த அழுத்தத்தால் உள்ளே வந்தது.

முதலாம் உறுப்புரையே மனித கண்ணியத்தைத் தொடக்கூடாது என்கிறது. நாட்டின் பெயர், கொடி, மொழி, மதம் எதுவும் அதற்கு முந்தி வரவில்லை. அந்த உறுப்புரையின் கோட்பாட்டையும் மாநிலங்களாகப் பிரிந்திருக்கும் அமைப்பையும் எந்தப் பெரும்பான்மையாலும், நூற்றுக்கு நூறு வாக்காலும்கூட, மாற்ற முடியாது என்று 79ஆம் உறுப்புரை பூட்டுப் போட்டது. 1933இல் பாராளுமன்றமே ஜனநாயகத்தைக் கொன்றதைப் பார்த்தவர்கள் எழுதியது அல்லவா? பெரும்பான்மை மீதே அவர்களுக்கு ஒரு பயம் இருந்தது.

சும்மா ஓர் அரசாங்கத்தைக் கவிழ்க்க முடியாது. அடுத்த பிரதமர் யார் என்று பெரும்பான்மையோடு காட்டினால்தான் பழையவர் போவார். 1951இல் கார்ல்ஸ்ரூவ நகரில் அரசியலமைப்பு நீதிமன்றம் திறந்தது. சாதாரணக் குடிமகனும் தன் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று அங்கே முறையிடலாம். 1955இல் மறுபடி இராணுவம் அமைத்தபோது, அதைக் கண்காணிக்கப் பாராளுமன்றத்துக்கு ஒரு தனி ஆணையாளரை அடுத்த ஆண்டே அரசியலமைப்பில் சேர்த்தார்கள். ஒரு சாதாரணச் சிப்பாய் தன் மேலதிகாரிகளைத் தாண்டி நேராக அவரிடம் முறைப்பாடு செய்யலாம்.

மாநிலங்கள் விஷயம் நமக்கு இன்னும் நெருக்கமானது. கல்வியும் பொலிஸும் பெரும்பாலும் மாநிலங்களின் கையில். மாநில அரசுகளின் பிரதிநிதிகளுக்கென்று தனிச் சபை. பவேரியா மாநில சபை 1949இல் இந்த அரசியலமைப்பு தங்களுக்குப் போதிய அதிகாரம் தரவில்லை என்று எதிர்த்து வாக்களித்தது. ஆனாலும் மற்ற மாநிலங்கள் ஏற்றால் கட்டுப்படுவோம் என்றது. அவர்களை யாரும் பிரிவினைவாதி என்று சொல்லவில்லை. நம்மிடம் 1987இன் 13ஆவது திருத்தம் காணி, பொலிஸ் அதிகாரங்களைக் காகிதத்தில் கொடுத்தது, கையில் கொடுக்கவில்லை. இணைந்த வடக்கு கிழக்கு மாகாண சபையின் இருப்பிடமாகவும், இரண்டையும் பிரித்த 2006 தீர்ப்புக்குப் பிறகு கிழக்கு மாகாணத்தின் தலைநகராகவும் இருக்கும் ஊரில் நின்று இதைப் படிப்பிப்பது கொஞ்சம் சங்கடமான வேலைதான்.

அவர்கள் முதலில் ஒற்றுமையைத் தேடினார்களா, சுதந்திரத்தையா?

சுதந்திரத்தை. 1952 மார்ச்சில் ஸ்டாலின் ஒரு யோசனை அனுப்பினார். எந்த அணியிலும் சேராமல் நடுநிலை வகித்தால் இரண்டு ஜேர்மனியும் ஒன்றாகலாம் என்றார். மேற்கின் பிரதமர் அடெனவரும் மேற்கு நாடுகளும் அதை ஏற்கவில்லை. கிடைத்த சுதந்திரத்தை வைத்து ஒற்றுமைக்குச் சூதாட முடியாது என்பது அடெனவரின் கணக்கு. நல்ல வாய்ப்பை விட்டுவிட்டார் என்று திட்டுபவர்கள் இன்றும் உண்டு. கிழக்கில் சிக்கிய மக்கள் அதற்கு 38 ஆண்டு விலை கொடுத்தார்கள் என்பதும் உண்மை.

இருந்தாலும் அந்த வரிசை சரி என்றுதான் நினைக்கிறேன். 1989 இலையுதிர் காலத்தில் லைப்சிக் வீதிகளில் ஜனங்கள் முதலில் கேட்டது ஒழுங்கான தேர்தல், பேச்சுரிமை, வெளியே போய்வரும் உரிமை. நாடு ஒன்றாக வேண்டும் என்ற கோஷம் சுவர் விழுந்த பிறகுதான் ஓங்கியது. சேரப் போகும் வீட்டில் ஏறக்குறைய 40 ஆண்டு வேலை செய்து காட்டிய நீதிமன்றம் இருந்தது. பலமான மார்க் நாணயமும் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. இங்கே ஒற்றுமை என்றால் கைகோத்துப் படம் எடுப்பது, பல்மதப் பெரியார்களை ஒரே மேடையில் இருத்துவது என்று தொடங்குகிறோம். வழக்கு, காணி, மொழி எல்லாம் ‘பிறகு பார்க்கலாம்’ பட்டியலில் கிடக்கும்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு என்ன செய்தார்கள்? காணி திரும்பக் கிடைத்ததா?

போரின் முடிவில் ஏறக்குறைய 1 கோடி 20 லட்சம் ஜேர்மனியர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து துரத்தப்பட்டோ தப்பியோ வந்தார்கள். அவர்களில் 80 லட்சம் பேர் மேற்கு ஜேர்மனியில் இருந்தார்கள். சொந்த இனம், சொந்த மொழி, ஆனாலும் ஊர்க்காரர் முகம் சுளித்தார்கள். வேறு சபைக் கிறிஸ்தவர்கள், வேறு பேச்சு, வேறு சாப்பாடு. அறை ஒதுக்க அதிகாரிகள் வற்புறுத்த வேண்டியிருந்தது. அகதி முகாம்கள் பல வருடம் கிடந்தன.

1952இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். போரில் வீடு, காணி, தொழிற்சாலை தப்பியவர்கள், 1948 நிலவரப்படி தங்கள் சொத்து மதிப்பில் பாதியைப் பொது நிதிக்குக் கட்ட வேண்டும். ஒரேயடியாக அல்ல, 30 ஆண்டுத் தவணையில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அந்தப் பணம் எல்லாம் இழந்து வந்தவர்களுக்கு வீடு கட்டவும் தொழில் தொடங்கவும் போயிற்று. சொத்தை யாரும் பிடுங்கவில்லை. தப்பியவர் இழந்தவருக்குக் கடன்பட்டவர் என்று சட்டம் சொன்னது. இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னால் வகுப்பில் அமைதியாகிவிடுவார்கள். நம் பக்கத்தில் 2004 சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் வெளிநாட்டு நன்கொடையைத்தான் நம்பினோம்.

ஆனால் இழந்த ஊர் திரும்பவில்லை. போலந்துடனான எல்லை 1990 நவம்பர் ஒப்பந்தத்தில் இறுதியானது.

கிழக்கு ஜேர்மனிக்குள் பறிபோன சொத்து வேறு கதை. 1990இல் நட்டஈட்டைவிடச் சொத்தைத் திருப்பிக் கொடுப்பதே முதல் வழி என்று தீர்மானித்தார்கள். 20 லட்சத்துக்கும் மேல் கோரிக்கைகள் வந்து குவிந்தன. பல பத்தாண்டாக ஒரு வீட்டில் வாழ்ந்தவருக்கு ஒருநாள் மேற்கிலிருந்து கடிதம் வரும், ‘இது எங்கள் தாத்தாவின் வீடு’ என்று. உறுதி ஒருவர் பெயரில், உழைப்பு இன்னொருவருடையது. யார் வென்றாலும் ஒரு குடும்பத்துக்கு மனக்கசப்பு. வழக்கு முடியும்வரை யாரும் அந்தக் காணியில் முதலீடு செய்யவும் மாட்டார்கள்.

2006இல் சம்பூரைவிட்டு ஓடி, கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காக இருந்து, 2015க்குப் பிறகு திரும்பியவர்களுக்கு இதில் எது நியாயம் என்று நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தாமதம்தான் பெரிய அநியாயம். வருடம் போகப் போக அந்தக் காணியில் இன்னொருவருக்கும் ஓர் உரிமை முளைத்துவிடுகிறது.

நம் ஆட்கள் கிழக்கு பேர்லின் வழியாகத்தான் போனார்களாமே?

உண்மை. 1980களின் முதற்பாதியில், அதிலும் 1983 கலவரத்துக்குப் பிறகு, ஆயிரக்கணக்கான தமிழர் அந்த வழியே போனார்கள். கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைவழி விசா எடுத்து, ஃபிரீட்ரிஷ் வீதி ரயில் நிலையத்தில் ரயிலேறி மேற்கு பேர்லினில் இறங்கினால் தஞ்சம் கேட்கலாம்.

மேற்குப் பக்கம் ஏன் மறிக்கவில்லை? முழு பேர்லினும் ஒரே நகரம், நடுவில் இருப்பது நாட்டெல்லை அல்ல என்பது மேற்கின் நிலைப்பாடு. கடவுச்சீட்டு பார்த்தால் அதை எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தன் நாட்டவன் தாண்டினால் சுட்ட கிழக்கு அரசு, தமிழனை வழியனுப்பி வைத்தது. அதற்குக் கருணை காரணமில்லை. விமானக் கட்டணமும் மேற்குக்கு ஒரு தலையிடி கொடுக்கும் ஆசையும்தான். 1985, 1986இல் மேற்கின் அழுத்தத்தால் அந்த வழி அடைபட்டது. ஒரு வல்லரசுச் சண்டையின் சந்து வழியாக எங்கள் மாமாக்களில் ஒரு தலைமுறை ஐரோப்பாவுக்குள் போயிற்று.

சுவரை வீழ்த்தியது யார்? அமெரிக்காவா, கொர்பச்சேவா?

சோவியத் தலைவர் கொர்பச்சேவ் டாங்கி அனுப்பவில்லை. அது பெரிய விஷயம், ஏனென்றால் 1953 ஜூன் 17இல் கிழக்கு ஜேர்மனித் தொழிலாளர் எழுந்தபோது சோவியத் டாங்கிகள்தான் நசுக்கின. ஆனால் உந்தித் தள்ளியது உள்ளூர் ஜனங்கள். 1989 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் அரசுக்கு ஏறக்குறைய 99 வீத வாக்கு என்றார்கள். சில குடிமக்கள் வாக்கெண்ணும் இடங்களில் நின்று குறித்து வைத்து, அது பொய் என்று நிரூபித்தார்கள். செப்டம்பரில் ஹங்கேரி எல்லையைத் திறந்துவிட்டது. அக்டோபர் 9, திங்கட்கிழமை, லைப்சிக்கில் தேவாலயப் பிரார்த்தனை முடிந்து 70,000 பேர் வீதியில் இறங்கினார்கள். ஆயுதப்படை தயாராக நின்றது, சுடவில்லை. அந்த இரவோடு பயம் பக்கம் மாறிவிட்டது.

நவம்பர் 9 மாலை ஆளுங்கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி, புதிய பயண விதி எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, காகிதத்தைப் புரட்டிப் பார்த்து ‘உடனடியாக’ என்று உளறினார். ஜனங்கள் சுவருக்கு ஓடினார்கள். 1990 மார்ச் 18இல் முதல் சுதந்திரத் தேர்தல், 93 வீதம் பேர் வாக்களித்தார்கள். அக்டோபர் 3இல் நாடு ஒன்றானது.

உளவு சொன்னவர்களை என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பெரியவர்கள்தான் கேட்பார்கள், குரலைத் தாழ்த்தி.

கிழக்கு ஜேர்மனியின் இரகசியப் பொலிஸில் 1989இல் ஏறக்குறைய 91,000 முழுநேர ஊழியர்கள். அதுபோக ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இரகசியத் தகவலாளர். பக்கத்து வீட்டுக்காரர், டொக்டர், பாதிரியார், மாணவர். சுவர் விழுந்ததும் அதிகாரிகள் கோப்புகளைக் கிழிக்கத் தொடங்கினார்கள். அதைக் கண்ட ஜனங்கள் ஊர் ஊராக அலுவலகங்களுக்குள் புகுந்தார்கள். 1990 ஜனவரி 15இல் பேர்லின் தலைமையகமும் ஜனங்கள் கைக்கு வந்தது. மிஞ்சிய கோப்புகளை வரிசையாக அடுக்கினால் 111 கிலோமீற்றர். கையால் கிழித்த துண்டுகள் மட்டும் ஏறக்குறைய 16,000 மூட்டை.

எரித்துவிடுவோம், இல்லாவிட்டால் வெட்டுக்குத்து நடக்கும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கிழக்கு மக்கள் விடவில்லை. உண்ணாவிரதம் இருந்தும் பிடிவாதம் பிடித்தார்கள். 1991 டிசம்பரில் சட்டம் வந்தது, 1992 ஜனவரியில் வாசிப்பறை திறந்தது. உன் கோப்பை நீ வாசிக்கலாம். உன்னைக் காட்டிக்கொடுத்தவர் யார் என்று கேட்டு அறியலாம். ஆனால் அதில் வரும் மற்றப் பாதிக்கப்பட்டோரின் விபரம் மறைக்கப்பட்டிருக்கும். கிழக்கின் எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த ஒரு பாராளுமன்ற உறுப்பினர் தன் கோப்பில் கண்டது கட்டிய கணவரின் வேலையை. குடும்பங்கள் உடைந்தன, வேலைகள் போயின. எல்லாரும் பயந்த இரத்தக்களரி மட்டும் நடக்கவில்லை.

படையினருக்கு ஆட்களைக் காட்டிக்கொடுக்கும், முகமூடி போட்ட தலையாட்டியின் முன்னால் வரிசையில் நின்று வந்த தலைமுறை நம்முடையது. யார் தலையாட்டினார் என்று தெரியாமல், ஊரில் பாதிப்பேரைச் சந்தேகித்தபடியே வாழ்கிறோம். தெரிந்துகொள்வதைவிட அது மேலா என்று எனக்கு இன்னும் ஐயம்தான்.

கட்டளை கொடுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்களா?

கொஞ்சம். சுவரில் சுட்ட காவலர்கள் மீது வழக்குகள் நடந்தன, பெரும்பாலும் ஒத்திவைத்த சிறைத்தண்டனை. ‘சட்டப்படிதான் சுட்டேன்’ என்ற வாதத்தை அரசியலமைப்பு நீதிமன்றம் 1996இல் ஏற்கவில்லை. தப்பி ஓடும் நிராயுதபாணியைச் சுடச் சொல்வது சட்டமே அல்ல என்றது. கடைசித் தலைவர்களில் ஒருவரான எகோன் கிரென்ட்ஸுக்கு ஆறரை ஆண்டு கிடைத்தது. 18 ஆண்டு நாட்டை ஆண்ட ஹொனெக்கர் புற்றுநோய் என்று விடுபட்டு சிலிக்குப் போய் 1994இல் இறந்தார். இரகசியப் பொலிஸ் அமைச்சர் மீல்கே உள்ளே போனது எதற்கு என்றால், 1931இல் இரண்டு பொலிஸ்காரரைக் கொன்றதற்கு. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

ஒன்றாகி 30 ஆண்டுக்கு மேலாகியும் கிழக்கில் ஏன் கோபம்?

ஏனென்றால் அது சரிசமமான இணைப்பாக நடக்கவில்லை. புதிய அரசியலமைப்பு எழுதலாம் என்று 146ஆம் உறுப்புரையில் வழி இருந்தது. அதை விட்டு, கிழக்கு மாநிலங்கள் ஏற்கெனவே இருந்த நாட்டில் சேர்ந்துகொள்ளும் குறுக்குவழியில் போனார்கள். அவசரம் புரிகிறது, மாஸ்கோவில் ஆட்சி எந்த நேரமும் மாறலாம் என்ற பயம். 1990 ஜூலை 1இல் சம்பளம் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மார்க்காக மாறியது. அந்தச் சம்பளத்தைக் கட்டக் கிழக்கின் தொழிற்சாலைகளால் முடியவில்லை. 40 லட்சம் பேர் வேலை செய்த ஏறக்குறைய 8,500 நிறுவனங்களை ஒரே ஓர் அரச அமைப்பு 1994 முடிவதற்குள் விற்றும் மூடியும் தீர்த்தது. நீதிபதி, பேராசிரியர், முகாமையாளர் என்று பொறுப்பான நாற்காலிகளில் மேற்கத்தியர் வந்து இருந்தார்கள். பெரும்பணம் கிழக்குக்குப் போனது, வீதிகளும் பழைய நகரங்களும் புதிதாயின. ஆனால் தன் ஊரில் தானே விருந்தாளியான உணர்வைப் பணம் ஆற்றவில்லை. 2024இல் துரிங்கியா மாநிலத் தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சி முதலிடம் பிடித்தது.

அவர்கள் ஒரே மொழி பேசுகிறவர்கள். மூவினம் வாழும் திருகோணமலைக்கு இது எப்படிப் பொருந்தும்?

முழுதாகப் பொருந்தாது. கிழக்கும் மேற்கும் ஒரே மொழி, ஒரே புத்தகங்கள், பல குடும்பங்களுக்கு இரண்டு பக்கமும் சொந்தம். நமது மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதிக்கு மேல் இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசியும் ஒருவரையொருவர் விரட்டிய நாட்களும் உண்டு. 1990ஐ ஒப்பிடுவதைவிட, ஜேர்மனி போலந்தோடும் பிரான்ஸோடும் என்ன செய்தது என்று பார்ப்பது நமக்குக் கூடப் பயன். மொழி வேறு, நினைவு வேறு, இரு பக்கமும் பிணம் எண்ணிய சமூகங்கள்.

அப்படியென்றால் பாடப்புத்தகத்தில் என்ன செய்தார்கள்?

1972இல், பனிப்போர் நடக்கும்போதே, ஜேர்மன், போலந்து வரலாற்றாசிரியர்கள் ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். எந்த நிகழ்வை இரு நாட்டுப் புத்தகமும் எப்படிச் சொல்கிறது, எது பொய், எது விடுபட்டது என்று வரிக்கு வரி சண்டை பிடித்தார்கள். 2006இல் பிரான்ஸும் ஜேர்மனியும் ஒரே வரலாற்றுப் பாடநூலை இரண்டு மொழியில் வெளியிட்டன.

வகுப்பறைக்கு 1976இல் பொய்டல்ஸ்பாக் என்ற ஊரில் ஓர் உடன்பாடு எட்டினார்கள். ஆசிரியர் தன் கருத்தை மாணவர் தலையில் திணிக்கக்கூடாது. சமூகத்தில் சர்ச்சையாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்க வேண்டும். தன் நிலைமை என்ன, தன் நலன் என்ன என்று மாணவனே எடைபோடப் பழக்க வேண்டும். இரண்டாவதைத்தான் நம்மிடம் செய்ய விடமாட்டார்கள். கோணேசர் கோயிலின் வரலாற்றை ஒரு தமிழ்ப் பிள்ளையும் ஒரு சிங்களப் பிள்ளையும் ஒரே மேசையில் வைத்து வாசிக்க ஒரு புத்தகம் எழுதிப் பாருங்கள், தெரியும்.

காணாமல் போனவர்களை ஜேர்மனியில் தேடினார்களா?

தேடினார்கள், இன்னும் தேடுகிறார்கள். காணாமல் போனோருக்கான அலுவலகம் வேண்டாம், மரணச் சான்றிதழும் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல் என்று வீதியோரத்தில் இருக்கும் தாய்மாருக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போர் முடிந்தபோது லட்சக்கணக்கான படைவீரரும் பிள்ளைகளும் எங்கே என்று தெரியவில்லை. செஞ்சிலுவைச் சங்கம் ஒரு தேடல் சேவை நடத்தியது. முகாமிலிருந்து திரும்பும் ஒவ்வொருவரிடமும் படங்களைக் காட்டிக் கேட்டார்கள். ‘இவரைக் கண்டீர்களா? எந்த மாதம்? எந்த இடம்?’ பெயர் தெரியாத குழந்தைகளின் படம் சுவரொட்டிகளில் வந்தது. 1955இல் அடெனவர் மாஸ்கோவுக்குப் போய்ப் பேசி, சோவியத் சிறையில் மிஞ்சியிருந்த ஏறக்குறைய 10,000 கைதிகளை மீட்டார். போர் முடிந்து பத்து ஆண்டு கழித்து மனிதர் திரும்பினார்கள். திரும்பாதவர்களின் குடும்பங்களுக்குத் தகவல் தேடும் வேலை அதோடு நிற்கவில்லை.

ஹிட்லர் ஆட்சியின் முகாம்களில் அடைக்கப்பட்டவர்களுக்கும் கட்டாய வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கும் பாட் அரோல்சன் என்ற சிறு நகரில் தனி ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஏறக்குறைய 3 கோடி ஆவணங்கள், 1 கோடி 75 லட்சம் பேரின் விபரங்கள். ஆட்களைச் சிறைப்பிடித்தவர்களே எழுதி வைத்த பதிவேடுகளும் அதில் இருக்கின்றன. பல பத்தாண்டு அதை ஆய்வாளர்களுக்குத் திறக்காமல் வைத்திருந்தார்கள். பல நாடுகள் அழுத்தம் கொடுத்து 2007இல் திறந்தது. இன்று பெருமளவு ஆவணங்களை இணையத்திலேயே தேடலாம். எந்த நாட்டில் இருந்தும் குடும்பத்தவர் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. முகாமில் பறித்த கைக்கடிகாரம், மோதிரம், படங்களைக்கூட உரிய குடும்பங்களைத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுத்து வருகிறார்கள். வாங்குபவர்கள் பெரும்பாலும் பேரப்பிள்ளைகள்.